ஒரு வருஷம் கழிச்சு வாங்க

மாஸ்டருக்கு அழுகை வரவில்லை என்பதுதான் சொந்தபந்தத்துக்குள் கொஞ்ச நாள் பெரிய பேச்சாக இருந்தது. மனைவியைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அன்று மச்சினர்கள் அழுதார்கள், மகள் அழுதாள், அந்த அம்மாவோடு பேச்சுவார்த்தையே இல்லாத மாடிவீட்டுக்காரிகூட மூக்கைச் சிந்தினாள். மாஸ்டர் மட்டும் இடித்த புளி மாதிரி நின்றார். வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்தார். தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வேன் நின்றது. அதை ஓட்டியவர் பின்னால் எடுக்கத் தெரியாமல் திணறியதைப் பார்த்து, "ஸ்டியரிங்க ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும், நேராக்குங்க" என்று கைகாட்டி அழகாக ஓரங்கட்ட வைத்தார்.

"நெஞ்சுல ஈரமே இல்லப்பா இந்த மனுஷனுக்கு" என்று பெரிய மச்சினர் சொன்னது அவர் காதில் விழத்தான் செய்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். கோபம்கூட வரவில்லை.

மாஸ்டர் என்றால் டிரைவிங் மாஸ்டர். அந்தப் பக்கத்தில் கார் ஓட்டுகிற பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். மீதிப் பேர் அவரிடம் கற்றிருக்க வேண்டியவர்கள் என்பது அவர் கட்சி. டிரைவிங் பள்ளிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் லாரிக்கு நேராக வண்டியை விட்டாலும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்பார். கால் பாட்டுக்குப் பிரேக்கை அமுக்கிவிடும். பஸ்ஸில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும்போதுகூட நாய் குறுக்கே வந்தால் அந்தக் கால் தரையை அமுக்கும். இத்தனை வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்குப் பதறுவது மறந்துபோனதில் ஆச்சரியமில்லை. பதறாத மனுஷன் என்று ஊர் புகழ்ந்தபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையே இப்போது ஈரமில்லாதவன் என்கிறார்கள். ஊர் வாய்க்கு என்ன, எப்படியும் பேசும்.

மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், கரண்டு என்கிற கதிர்வீச்சும் வைத்தார்கள். கூரையில் சிவப்பு 'எல்' பலகை மாட்டிய அந்தக் காரில்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தார். பழகுகிற வண்டி என்று மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தேறினாள். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்தாள். பிறகு இடுப்பு வலி என்றாள், எலும்புக்கு வந்துவிட்டது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். கடைசியில் பெரிய டாக்டர், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டிலேயே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய் ஆஸ்பத்திரி நாள். மாஸ்டர் காலையில் எழுந்து குளித்தார், பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றினார், சால்வையை மடித்துப் பையில் வைத்தார், காரை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் வழக்கமான இடத்தில் நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து கையை நீட்டினார். இறங்க ஆள் இல்லை. நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வந்தது வந்தாயிற்று என்று உள்ளே போய்க் கூடத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரம் ஒரு கிழவர் சாய்தளத்தில் வீல்சேரை ஏற்ற முடியாமல் தள்ளாடினார். மாஸ்டர் எழுந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டார். வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்து, உட்கார்ந்திருந்த அம்மாவின் தலை ஆடாமல் மேலே கொண்டுபோய் நிறுத்தினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் டீச்சரம்மா. அங்கே நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு நோயாளிகளுக்கு உதவுகிற தன்னார்வலர்களுக்கெல்லாம் தலைவி அவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

"உங்களை இங்க நிறைய தடவை பாத்திருக்கேனே. வாலண்டியரா வர்றீங்களா?" என்று கேட்டவர், அவர் பதில் சொல்வதற்குள் தன் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். "ஆனா ஒண்ணு. வீட்டுல யாராவது இந்த நோயில போயிருந்தா, ஒரு வருஷம் கழிச்சுதான் சேத்துக்குவோம். அதுல மட்டும் யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா மேடம்" என்றார் மாஸ்டர். "வீட்டுல இருக்கா."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னபோது பொய் என்று தெரியும். ஒரு வருஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும், அத்தனை செவ்வாய்க்கிழமைகளையும் வீட்டில் எப்படிக் கழிப்பது என்று மட்டும்தான் தோன்றியது. இந்தக் கதவையும் சாத்திவிட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. அதோடு இன்னொன்றும் இருந்தது. வீட்டிலும் தெருவிலும் அவள் செத்துப்போனவள். இந்தக் கட்டிடத்துக்குள் மட்டும், அவர் வாயால் சொல்லிவிட்டதால், நல்லா இருக்கிறாள்.

கோட்டுக் கொடுத்தார்கள். கூடவே நிபந்தனைகள். 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லக் கூடாது. எத்தனாவது கட்டம் என்று கேட்கக் கூடாது. அழுகிறவரைப் பார்த்து அழாதீங்க என்று சொல்லக் கூடாது. மற்ற புதியவர்கள் இதைப் பழகுவதற்குள் நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார்கள். மாஸ்டருக்குச் சிரமமே இல்லை. சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினால் பிடித்த கையை விடாமல் நிற்பார். வாந்தி எடுத்தால் சட்டியை நீட்டுவார். எருமை மேல் மழை பெய்தது போல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். அதைப் பொறுமை என்றார்கள். "மாஸ்டர் மாதிரி இருக்கப் பழகுங்க" என்று டீச்சரம்மா மற்றவர்களைக் குட்டினார். மரத்துப்போன காலில் முள் தைத்தால் வலிக்காது, அதற்குப் போய்ப் பரிசு கொடுப்பார்களா? இங்கே கொடுத்தார்கள்.

செவ்வாய் மட்டும் என்றிருந்தது, வியாழனும் ஆயிற்று, பிறகு எல்லா நாளும் ஆயிற்று. டிரைவிங் பள்ளியில் வேறொருவரைப் போட்டுக்கொண்டார்கள்.

பக்கத்துத் தெருவில் இருந்த மகள் ஒருநாள் துணி துவைக்க வந்தபோது நீலக் கோட்டைக் கண்டுபிடித்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு நான் இருக்கேன். நீங்க அங்க போயி வேலை பாக்குறீங்களா?"

"சும்மாதான் இருக்கேன்" என்றார்.

"வீட்டுல உக்காந்து ஒரு தடவை வாய்விட்டு அழக் கூடாதாப்பா?"

"வந்தா அழ மாட்டேனா" என்றார். அது நிஜம். சில நாள் ராத்திரிச் சாப்பாடு முடிந்து, அவள் படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முயற்சி செய்தும் பார்த்திருக்கிறார். கொட்டாவிதான் வந்தது.

இந்தச் சமயத்தில்தான் வெல்டரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். ஆள் குட்டை, வாய் நீளம். அவளுக்கும் மார்பில்தான். வெல்டர் ஆறு மாடி உயரத்தில் கம்பி மேல் உட்கார்ந்து தீப்பொறிக்கு நடுவே வேலை செய்கிறவர். ஆனால் ஊசியைக் கண்டால் கண் இருட்டிவிடும். முதல் கீமோ அன்றே நர்ஸ் நரம்பைத் தட்டியதும் தொபுக்கடீர் என்று விழுந்தார். அவரைத் தூக்கி வெளியே காற்றாட உட்கார வைத்துவிட்டு, அவருக்குப் பதிலாக மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றார்.

"பாத்தீங்களாண்ணே, நோய் எனக்கு, மயக்கம் அவருக்கு" என்றாள் அவள்.

மாஸ்டர் மனைவியைப் பற்றி டீச்சரம்மாவிடம் கேள்விப்பட்டதிலிருந்து வெல்டருக்கு ஒரே ஒரு கேள்விதான். பார்க்கிற போதெல்லாம் கேட்பார். "உங்க வீட்டம்மாவுக்கும் இதேதானாண்ணே?"

"இதேதான்."

"முடி வளந்துச்சா?"

"வளந்துச்சு."

"இப்ப நல்லா இருக்காங்கல்ல?"

"இருக்கா."

அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு போய்விடுவார் மனுஷன். அடுத்த வாரம் மறுபடியும் வந்து கேட்பார். சொல்லச் சொல்ல மாஸ்டருக்கும் அது பழகிவிட்டது. 'நேத்துக்கூட மார்க்கெட்டுக்குப் போனா' என்று ஒருநாள் கேட்காமலேயே சொன்னார். சொல்லிவிட்டு, அவள் பையோடு நடந்து வருவது போல் வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை என்பார்கள்; இவருடைய பொய்க்கு இவரே துணை.

பாதிக் கீமோவில் இஸ்திரிக்காரம்மா வர மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு செவ்வாய் வெல்டர் தனியாக வந்து நின்றார்.

"முடியலங்கிறாண்ணே. செத்தா இஸ்திரிப் பெட்டியப் பிடிச்சுக்கிட்டே சாகறேன்கிறா. டாக்டர் சொன்னாரு, நான் சொன்னேன், கேக்கல. உங்க வீட்டம்மா ஒரு தடவை அவகிட்ட போன்ல பேசினா போதும்ணே. பட்டவங்க சொன்னா கேப்பா."

"அவளுக்குத் தொண்டை சரியில்ல" என்றார் மாஸ்டர்.

"தேறினதும் பேசட்டும்ணே. அடுத்த செவ்வாய்க்குள்ள பேசினாப் போதும். அதத் தவறவிட்டா இதுவரைக்கும் ஏத்தின மருந்தெல்லாம் வீண்னு சொல்லிட்டாங்க."

மாஸ்டர் புலி வாலைப் பிடித்துவிட்டார். பேச முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் டீச்சரம்மா காதுக்குப் போகும். கோட்டுப் போய்விடும், அத்தோடு மிச்சமிருக்கிற ஒரே இடமும் போய்விடும். அதைவிட, அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆளும் செத்துவிட்டாள் என்று ஆகும். இரண்டு நாள் யோசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, கடையில் சோப்பு வாங்கி வா என்கிற குரலில் சொன்னார்.

"அந்தம்மாகிட்ட நீ உங்கம்மா மாதிரி ரெண்டு வார்த்தை பேசணும். உன் குரல் அப்படியே அவ குரல்தான். நானே போன்ல ஏமாந்திருக்கேன்."

மகள் அவரையே பார்த்தாள். "என்ன கேக்குறோம்னு தெரிஞ்சுதான் கேக்குறீங்களாப்பா?"

"தெரியும்."

"தெரியல உங்களுக்கு" என்றாள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "போடுங்க."

போனை மேஜை மேல் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்கள். மறுமுனையில் இஸ்திரிக்காரம்மா "அக்கா" என்றாள்.

"சொல்லும்மா. சாப்பிட்டியா?" என்றாள் மகள்.

அச்சு அசல் அவள் குரல். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே ஏதாவது ஆகிறதா என்று பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

மகள் பேசினாள். வாயெல்லாம் இரும்பை நக்கினது போல் இருக்குமே, அது போய்விடும் என்றாள். முடி முன்னைவிடச் சுருட்டையாக வந்ததையும், கண்ணாடியில் பார்த்துத் தானே சிரித்ததையும் சொன்னாள். எல்லாம் அவள் அம்மா சொன்னவை. "எங்க வீட்டுக்காரரு ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரும்மா. ஆனா வண்டியில போகும்போது எனக்கு வாந்தி வருதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே ஓரமா நிறுத்திருவாரு. எப்படித்தான் தெரியுமோ. அதுக்காகவே மறுவாரமும் கிளம்பிருவேன்."

இதை அவள் மகளிடம் சொல்லியிருந்தாள் என்பது மாஸ்டருக்கு இப்போதுதான் தெரியும். வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். திரும்ப வந்துருமோன்னு உங்களுக்குப் பயமா இல்லையா?"

மகள் வாயைத் திறந்தாள். புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு போனை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நான் மாஸ்டர் பேசறேம்மா" என்றார் அவர். "இவ்வளவு நேரம் பேசினது என் பொண்ணு. அவ அம்மா செத்துப்போயிட்டா. நாலு மாசம் ஆகுது. திரும்ப வந்துருச்சு."

வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. "என்னண்ணே இது, இப்படிப் பண்ணிட்டீங்களே!" என்று வெல்டர் கத்துவது கேட்டது. "நீ சும்மா இருய்யா" என்று அவரை அடக்கிவிட்டு அந்த அம்மா கேட்டாள்.

"அப்ப முடி வளந்துச்சுன்னது?"

"அது நிஜம்."

"இவ்வளவு பாடுபட்டு என்னதாண்ணே மிச்சம்?"

மாஸ்டர் யோசித்தார். "நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல நல்லா இருந்தா."

"அந்த ஒரு வருஷத்துல என்ன பண்ணாங்க?"

"கார் ஓட்டக் கத்துக்கிட்டா. ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன், அவளுக்குச் சொல்லித்தரல. அவளாத்தான் கேட்டா. முதல் நாளே எங்க வீட்டு கேட்டை இடிச்சா."

"திட்டினீங்களா?"

"திட்டினேன். அவளும் திட்டினா. அப்புறம் நல்லா ஓட்டினா. காய் வாங்க, பொண்ணு வீட்டுக்கு, எல்லாத்துக்கும் வண்டிதான். பக்கத்துத் தெருவுக்கு எதுக்குடி காருன்னு கேட்டா, நீ பேசாம உக்காருன்னுவா. நான் பேசாம உக்காந்துக்கிட்டு வருவேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மாஸ்டர் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு டீச்சரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தெரியாமப் பண்ணல நீங்க."

"தெரிஞ்சுதான் மேடம்."

"இத்தனை பேரையும் உங்களைப் பாத்துக் கத்துக்கச் சொன்னேனே, என் புத்திய எதால அடிச்சுக்கிறது?" என்று மேஜையைத் தட்டினார். கோபம் நிஜமாகவே வந்திருந்தது. "கோட்ட வச்சுட்டுப் போங்க. ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

மாஸ்டர் வைத்துவிட்டு வந்தார். வருத்தப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. வருத்தத்தைக் காணோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது வெல்டர் போன் செய்தார். குரலில் இன்னும் முறைப்பு இருந்தது. "வாசல்ல நிக்கிறோம். உள்ள ஒருத்தருக்குத்தான் அனுமதியாம். நான் வேணாமாம். விழுந்துவச்சா எனக்கும் ஒரு கட்டில் தேடணுமாம். உங்களைக் கூப்பிடுங்கிறா."

"நான் இப்ப அங்க வாலண்டியர் இல்ல."

பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "வாலண்டியரை யாரு கேட்டா? அவரை வரச் சொல்லு."

போனார். வாசல் காவலாளிக்கு அவரை நீலக் கோட்டில் பார்த்துத்தான் பழக்கம். இப்போது வெறும் சட்டையில் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"அண்ணன்" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "வழிய விடுங்க."

கீமோ கூடத்தில் ஒவ்வொரு சாய்வு நாற்காலிக்கும் பக்கத்தில், கூட வந்தவருக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. கோட்டுப் போட்டவர்கள் அதில் உட்காருவதில்லை, நடந்துகொண்டே இருப்பார்கள். மாஸ்டர் அதில் உட்கார்ந்தார். புதிதாக வந்திருந்த ஒரு நர்ஸ் நரம்பைத் தேடி ஊசியை ஏற்றிவிட்டுப் போனாள். நீலக் கோட்டுக்காரர் ஒருவர், இவருக்குத் தெரியாத ஆள், குனிந்து "தண்ணி ஏதாவது வேணுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். மருந்து சொட்ட ஆரம்பித்தது.

"உங்க மேல கோபம்தான்" என்றாள் அவள். "நல்ல வார்த்தையா நாலு சொல்லி ஏமாத்தியிருந்தாக்கூட வந்திருக்க மாட்டேன். அந்தக்கா வீட்டு கேட்டை இடிச்சாங்கன்னு சொன்னீங்கல்ல, அதான் நெனச்சு நெனச்சு…" சிரிக்கப் பார்த்தாள், குமட்டல் வந்து நிறுத்திக்கொண்டாள். "கேக்கவே மறந்துட்டேன் பாருங்க. அவங்க பேரு என்னண்ணே?"

நாலு மாதமாக யாரும் அதைக் கேட்கவில்லை. உங்க வீட்டம்மா என்றார்கள், அம்மா என்றார்கள், அக்கா என்றார்கள். அவரும் அவ என்றே சொல்லி வந்தார். உயிரோடு இருந்தவரை காலையிலிருந்து ராத்திரிவரை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அடுத்த தெருவுக்குக் கேட்கும். மாஸ்டர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். முதல் எழுத்து வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கையால் முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், வாயைத் திறந்தபடியே, பெரிய சத்தமாக அழுதார்.

அங்கங்கே சாய்ந்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடி வந்தாள்.

"என்னம்மா ஆச்சு உங்க அண்ணனுக்கு? கொஞ்சம் சமாதானப்படுத்துங்க, மத்தவங்க பயந்துக்கப் போறாங்க."

"அழட்டும் சிஸ்டர்" என்றாள் இஸ்திரிக்காரம்மா. ஊசி ஏறாத கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் பொண்டாட்டி செத்துப்போயிட்டா."

"அய்யோ, எப்போ?"

அவள் அவரைப் பார்த்தாள். "இப்பத்தான்" என்றாள்.

நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.